வள்ளி கும்மியில் மைக் ஊளையிடுவது ஏன்? கெயின், வால்யூம், ஓம் பற்றிய ஐயம்

கோபிக்காரன்:
வணக்கம். எங்கள் ஊர்க் கோயில் திடலில் வள்ளி கும்மி அரங்கேற்றம் நடந்தபோது, கம்பியில்லா மைக்குடன் பாடிக்கொண்டே சுற்றிவந்த ஆசிரியர் ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே வரும்போதெல்லாம் 'கூ'வென்று ஊளை எழுந்தது. ஆபரேட்டர் மிக்சரில் (மைக்குகளின் ஒலியைக் கலந்து அளவு மாற்றும் கருவியில்) கெயினையும் வால்யூமையும் மாற்றி மாற்றித் திருகினார். ஊளை அடங்கியபோது பாட்டும் சேர்ந்தே அடங்கியது. இவ்விரண்டும் ஒன்றுதானா? பெட்டியின் பின்புறம் 8 ஓம் என்றிருப்பதற்கும் இதற்கும் தொடர்புண்டா?

ஈரோட்டு ஒலியமைப்பாளர்:
ஒன்றல்ல, தம்பி. மைக்கிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கிலான மெல்லிய மின்குறி. அதை மிக்சருக்குள் நுழையும் இடத்திலேயே உயர்த்துவது கெயின். உயர்ந்ததில் எவ்வளவை வெளியே அனுப்புவது என்பதை முடிவு செய்வது ஃபேடர், அதாவது நீங்கள் சொல்லும் வால்யூம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனம் அறிந்தவர்களுக்குச் சொல்வதானால், கெயின் தலைமதகு, ஃபேடர் வயல் மடை. தலைமதகை அளவுமீறித் திறந்து கரை உடைந்தபின் மடையை அடைத்து என்ன பயன்? கெயின் கூடிச் சிவப்பு விளக்கு எரிந்தால் அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுக் குரல் கரகரக்கும். பிறகு ஃபேடரை இறக்கினால் அந்தக் கரகரப்பு மெல்லியதாகக் கேட்குமே தவிர நீங்காது.

ஊளை வேறு சங்கதி. ஸ்பீக்கரில் வெளிவந்த ஒலி மீண்டும் மைக்கில் புகுந்து, பெருகி, திரும்பவும் ஸ்பீக்கருக்கே போகும் சுழற்சியைத்தான் ஃபீட்பேக் என்கிறோம். மொத்தப் பெருக்கமே அதைத் தூண்டுவதால், எந்தத் திருகைக் குறைத்தாலும் பாட்டும் குறையத்தான் செய்யும். பெட்டிகளைக் கும்மி வட்டத்துக்கு வெளியே, வட்டத்துக்கு முதுகு காட்டிப் பார்வையாளரை நோக்கி வையுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள இடைவெளி 10 செ.மீ.யிலிருந்து 5 ஆகக் குறைந்தால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடிக் கிடைக்கும். அந்த அளவுக்குக் கெயினை இறக்கிக்கொள்ளலாம். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது; பொத்தினால் முன்புற ஒலியை மட்டும் சிறப்பாக வாங்கும் அதன் குணம் கெட்டு, எல்லாத் திசை ஒலியும் உள்ளே புகும்.

பெருந்துறை வாசகர்:
ஓமுக்கும் ஊளைக்கும் தொடர்பில்லை. அது ஆம்ப்ளிஃபயர் (ஸ்பீக்கரை இயக்கும் பெருக்கி) மீது பெட்டி சுமத்தும் மின்சுமையைக் காட்டும் அளவு. 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகப் பூட்டினால் 4 ஓம், நான்கைப் பூட்டினால் 2 ஓம் ஆகும். எண் குறையக் குறையச் சுமை கூடும். குறைந்தது 4 ஓம் என்று குறித்த ஆம்ப்ளிஃபயரில் நான்கு பெட்டிகளைப் பூட்டி, திருவிழாவின் நடுவே புகையைப் பார்த்தவன் நான்.

கோபிக்காரன்:
மிக்க நன்றி ஐயா. பெட்டிகளை இடம் மாற்றிவிடலாம். ஆனால் எங்கள் ஆசிரியர் வலைத்தலையைப் பொத்திப் பிடித்தே பாடிப் பழகியவர்; அவரிடம் இதை யார் எடுத்துச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.