'பெண்டிங்'னா என்ன வே? – ஹெல்மெட் ஃபைனும் ரேஷன் அரிசியும்

கல்லிடை அப்பளம்:
நேத்து ராத்திரி பேட்டைக்காரர் இங்க எழுதுனதை எல்லாரும் பாத்திருப்பிய. ஹெல்மெட் ஃபைன் 1000 ரூபா கட்டாம விட்டாராம், இந்த மாசம் ரேஷன்ல அரிசி இல்லன்னுட்டாவளாம், அதனால ஊரே ஓடிப்போய் ஃபைனைக் கட்டணுமாம். அதைப் படிச்சிட்டு எங்க மைனி காலைல இருந்து ஒரே பொலம்பல். மவன் வண்டி மேல மூணு சலான் கெடக்கு. ஏன் வே ஊரைக் கலக்குதீரு? சலான் மோட்டார் வாகனச் சட்டத்துல வாரது. அரிசி 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம். அதுக்கும் இதுக்கும் என்ன வே சம்மந்தம்?

பேட்டைக்காரன்:
சட்டம் எனக்கும் தெரியும். நான் நடந்ததைச் சொன்னேன். விரலை வச்சேன். கடைக்காரம்மா மெஷினைப் பாத்துட்டு 'பெண்டிங் இருக்கு, பெறவு வாங்க'ன்னாவ. எனக்குன்னு உலகத்துல இருக்க ஒரே பெண்டிங் அந்த ஃபைன்தான்.

கல்லிடை அப்பளம்:
கார்டுல பேர் இருக்க எல்லாரும் விரல் வைக்கணும்லா, அந்தக் கைரேகைப் பதிவு பெண்டிங்கா இருக்கும். உம்ம மவன் சென்னைல இருக்கான்லா, அவன் விரல் வச்சானா?

பேட்டைக்காரன்:
கைரேகைன்னு அவிய சொல்லல. பெண்டிங்னுதான் சொன்னாவ.

கல்லிடை அப்பளம்:
ஃபைன்னும் சொல்லலயே வே!

முன்னாள் வரித்தண்டலர்:
தம்பிகளா, நான் சர்வீஸ்ல இருந்தவன், சொல்லுதேன். சலான் கட்டலைன்னா வண்டிப் பதிவுக்குன்னு இருக்க 'வாகன்' இணையதளத்துல அந்த வண்டியத்தான் முடக்குவாவ. ஆர்.சி. பேர் மாத்த முடியாது, எஃப்.சி. போக முடியாது. சொத்து வரி கட்டலைன்னா குடிதண்ணி இணைப்பைப் புடுங்குவாவ. வரி பாக்கிக்காவ எவன் அரிசியையும் நிறுத்துனதை நான் பாத்ததில்ல. ரேஷன் கார்டுல வண்டி நம்பரே கெடையாது.

சமாதானபுரத்தான்:
வண்டிக்கும் ரேஷனுக்கும் தொடர்பே இல்லன்னு அடிச்சுப் பேசாதீய. 2017ல அரசிதழ்லயே வந்துச்சு. சொந்தமா கார் வச்சிருந்தா, வருமான வரி கட்டுனா, வீட்டுல ஏசி இருந்தா, அந்த உணவுச் சட்டத்துல சொல்லுத முன்னுரிமைக் குடும்பம் கெடையாதுன்னு.

கல்லிடை அப்பளம்:
அது கார் வச்சிருக்கவனுக்கு. இவர் வச்சிருக்கது ஓட்டை ஸ்கூட்டர். அப்படியே முன்னுரிமை இல்லன்னாலும் தமிழ்நாட்டுல அரிசி கார்டுக்கு அரிசி உண்டு. 2011 ஜூன்ல இருந்து சும்மாவே குடுக்காவ. சீனி கார்டுன்னாதான் அரிசி கெடையாது. பேட்டைக்காரரே, உம்மது சீனி கார்டா?

பேட்டைக்காரன்:
என்னை என்ன சீனி கார்டுக்காரன்னு நெனச்சீரா? பத்து வருசமா அரிசி வாங்குதேன்.

சமாதானபுரத்தான்:
வாங்கி என்ன செய்தீரு? கோழிக்குப் போட்டுட்டு சாப்பாட்டுக்கு 'அம்பை 16' ரக அரிசிய மூட்டையா எறக்குதீரு. தெருவே பாக்குது.

பேட்டைக்காரன்:
கோழிக்குப் போட்டது உங்க வீட்டு மாடியில. வெள்ள நிவாரணத்தப்ப யாரு எங்க போயி வரிசைல நின்னான்னு நானும் எழுதட்டுமா?

சமாதானபுரத்தான்:
எழுதும்! 2023 டிசம்பர்ல மோசமாப் பாதிச்ச தாலுகாவுக்கு 6000, மத்ததுக்கு 1000ன்னாவ. என் கார்டு எந்தக் கடையோ அந்தக் கடைலதான் நின்னேன். வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி வே!

டல்லாஸ் நெல்லையன்:
அண்ணாச்சிமாரே, இந்தப் பேச்சு எங்க ஊரு கதைல இருந்து வந்திருக்கும்னு நெனைக்கேன். அமெரிக்கால 1996 சட்டப்படி, பெரிய குத்தத்துல பிடிபடாம ஓடுதவனுக்கும், நன்னடத்தைக் காவல்னு வெளிய விட்டப்ப போட்ட நிபந்தனைய மீறுனவனுக்கும் உணவு உதவி கெடையாது. சும்மா ஃபைன் பாக்கி இருந்தா உதவி நிக்காது. ஃபைன் கட்டுததே அந்த நிபந்தனைல ஒண்ணா இருந்து, மீறிட்டான்னு முடிவாகி, போலீஸும் நெசமாவே ஆளைத் தேடுனாத்தான் சிக்கல். 2015ல அதை விதியாவே தெளிவாக்கிட்டாவ.

பேட்டைக்காரன்:
பாத்தியளா! அமெரிக்கால இருக்கு!

கல்லிடை அப்பளம்:
கோட்டி புடிச்சிரும்போல இருக்கு. அவர் நிக்காதுன்னுலா எழுதியிருக்காரு. முழுசாப் படியும் வே. அப்படியே இருந்தாலும் நீரு டல்லாஸ்லயா அரிசி வாங்குதீரு? கேட்டதுக்குப் பதில் சொல்லும். பெண்டிங்னா என்ன பெண்டிங்?

தச்சநல்லூர் தாயி:
எங்க கடைலயும் அந்த வாரம் பெண்டிங்னுதான் சொன்னாவ. கிட்டங்கில இருந்து லோடு வரல, லோடு பெண்டிங். எனக்கு ஃபைனும் இல்ல, வண்டியும் இல்ல.

கல்லிடை அப்பளம்:
தாயி, உங்க கடை வேற. இது கைரேகைதான். எழுதி வச்சுக்கோங்க.

முன்னாள் வரித்தண்டலர்:
1967க்கு ஒரு போன் போட்டா முடிஞ்சு போச்சு. இல்ல, தாலுகா ஆபீஸ்ல வழங்கல் அலுவலரைப் பாக்கலாம்.

கல்லிடை அப்பளம்:
போனெல்லாம் எதுக்கு? அதான் நான் சொல்லுதேன்லா. ஃபைனைக் கட்டாண்டாம்னு சொல்லல. அது போலீஸுக்கும் அவருக்கும் உள்ள கணக்கு. மூணு சலானைப் பாத்து எங்க மைனி கார்டைப் பீரோல வச்சுப் பூட்டிட்டா. அதுக்கு யாரு பொறுப்பு?

பேட்டைக்காரன்:
(ரெண்டு நாள் கழிச்சு) எல்லாரும் கேட்டுக்கோங்க. நேத்துக் காலைல ஃபைன் கட்டுனேன். சாயந்திரம் அரிசி குடுத்துட்டாவ. 20 கிலோ. இப்ப என்ன சொல்லுதீரு?

கல்லிடை அப்பளம்:
மவன் ஊருக்கு வந்திருந்தானாமே. கடைல விரல் வச்சானா இல்லையா?

பேட்டைக்காரன்:
வச்சான். அதுக்கென்ன? ஃபைன் அதுக்கு முன்னாடியே கட்டியாச்சு.

தச்சநல்லூர் தாயி:
நேத்துத்தான் எல்லாக் கடைக்கும் லோடு வந்துச்சு.

கல்லிடை அப்பளம்:
விரல் வச்ச பெறவுதான அரிசி வந்துச்சு? ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லும்.

பேட்டைக்காரன்:
ஃபைன் கட்டுன பெறவு வந்துச்சு.

சமாதானபுரத்தான்:
கோழிக்கு எத்தன கிலோ?