25-ஆம் பக்கத்தில் திருப்பம் இல்லையென்றால் அது திரைக்கதையே இல்லையாமே?

பழையபேனா:
"25-ஆம் பக்கத்தில் திருப்பம் வராத திரைக்கதையை அதற்கு மேல் படிக்கவே வேண்டாம். கதை சொல்வதன் அடிப்படை அவ்வளவுதான்" என்று புதிதாக எழுத வருகிறவர்களுக்கு ஒருவர் பாடம் எடுத்திருக்கிறார். கீழே கைதட்டல் வேறு. அதென்ன 25? 24-இல் வந்தால் தெய்வக் குற்றமா? திரைக்கதை எழுதுவது எப்படி என்று ஸிட் ஃபீல்டு 1979-இல் எழுதிய புத்தகத்தில், 120 பக்கத் திரைக்கதைக்குத்தான் 25-லிருந்து 27-க்குள் என்றார். அந்த 120-ஐ விட்டுவிட்டு 25-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினால், 90 பக்கம் எழுதுகிறவன் எங்கே போவான்?

மூன்றாம்அங்கம்:
பாடம் எடுத்தது நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஃபீல்டை விடுங்கள். அதே மாதிரிப் பாடப் புத்தகம் எழுதிய பிளேக் ஸ்னைடர் 2005-இல் 110 பக்கத்துக்குக் கணக்குப் போட்டார். கதையை மூன்று அங்கமாக, அதாவது மூன்று பெரும் பகுதியாகப் பிரித்தால், திருப்பத்தோடு இரண்டாம் அங்கத்துக்குள் நுழைவது அவரிடமும் 25-இல்தான். இரண்டு பேரும் ஒரே எண்ணில் வந்து நிற்கிறார்கள் என்றால் சும்மாவா?

பழையபேனா:
120-க்கும் 25, 110-க்கும் 25. அப்படியென்றால் அது விகிதம் இல்லை, ராசி எண். மோதிரம் செய்து போட்டுக்கொள்ளுங்கள்.

கத்துக்குட்டி:
சார், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் கதையில் ஒருத்தி, இறந்துபோன அப்பாவின் வீட்டை விற்க வருகிறாள். வாங்க வந்தவர் கையில், என்றோ காணாமல் போன அப்பாவின் கைக்கடிகாரம். கண்ணாடியில் அதே கீறல். இது 11-ஆம் பக்கம். விற்க மாட்டேன் என்று அவள் சொல்வது 31-இல். இதில் எது திருப்பம்?

மூன்றாம்அங்கம்:
31-தான் திருப்பம். கடிகாரம் வெறும் தூண்டுதல். நடுவில் ஆறு பக்கத்தை வெட்டுங்கள், 25-க்கு வந்துவிடும்.

பழையபேனா:
ஆறு பக்கத்தை வெட்டச் சொல்கிறீர்களே, அந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? தம்பி, கடிகாரத்தைப் பார்த்த பிறகு அவள் என்ன செய்கிறாள்? தெரியாத மாதிரியே விலை பேசுகிறாளா? அவள் விலையை ஏற்ற ஏற்ற, அந்த ஆள் மறுபேச்சு இல்லாமல் சரி சரி என்று தலையாட்டினால் எனக்கு 31 கூட அவசரம்தான். இவன் ஏன் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொள்கிறான் என்று வயிற்றைப் பிசையும். அதை வெட்டிவிட்டு 25-ஐ வைத்து என்ன செய்வது?

மூன்றாம்அங்கம்:
வயிறு பிசைவதற்குள் படிக்கிறவர் மூடி வைத்துவிடுவார். 25 என்றால் 25.

சும்மாவந்தேன்:
ஹிட்ச்காக்கின் 'சைக்கோ', 1960. கதாநாயகி குளியலறையில் சாவது படம் தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்து. 25 எங்கே போச்சு?

மூன்றாம்அங்கம்:
அதற்கு முன்னால் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடுகிறாளே, அது கண்ணில் படவில்லையா?

பழையபேனா:
பட்டது. ஆனால் அது கால் மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. தாளில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்று உங்களைப் போன்றவர்கள் போடுகிற கணக்குப்படியே பார்த்தாலும் 25 வரவில்லை. அப்புறம், எது திருப்பம் என்று முதலில் சொல்லிவிட்டுப் பக்கத்தை எண்ணுங்கள்.

மூன்றாம்அங்கம்:
திருப்பம் என்றால் எல்லோருக்கும் தெரியும். மேதைகளின் விதிவிலக்கைக் காட்டிப் புதியவர்களைக் குழப்ப வேண்டாம்.

கூரியர்12:
பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பதே கூரியர் எழுத்துருவில், 12 புள்ளி அளவில், ஆங்கிலத்தில் எழுதும்போது சொல்கிற தோராயம். "வீடு தீப்பிடித்து எரிகிறது" என்பது தாளில் ஒரு வரி, திரையில் இரண்டு நிமிடம் ஓடும். தமிழில் தட்டினால் எழுத்து அகலம், பக்கம் கூடும். யாருடைய 25-ஐப் பற்றிப் பேசுகிறீர்கள்?

சும்மாவந்தேன்:
வந்துவிட்டார் எழுத்துரு ஆராய்ச்சியாளர்.

கூரியர்12:
போன மாதம் ஓரம் எவ்வளவு விடுவது என்று என்னிடம்தான் கேட்டீர்கள். அப்போது ஆராய்ச்சி இனித்தது.

மூன்றாம்அங்கம்:
மூன்று அங்கமும் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வருகிற முறை. உங்கள் வசதிக்காக அதை மாற்ற முடியாது.

பழையபேனா:
அரிஸ்டாட்டில் தொடக்கம், நடு, முடிவு என்றார். முடிச்சு, அவிழ்ப்பு என்றார். மூன்று அங்கம் என்று அவர் எங்கே சொன்னார்? நாடகத்துக்கு அங்கத்தை எண்ணிச் சொன்னவர் ரோமானியக் கவிஞர் ஹொரேஸ். அவர் சொன்ன எண் ஐந்து. 1863-இல் ஜெர்மன் எழுத்தாளர் ஃப்ரைடாக் படம் வரைந்து விளக்கியதும் ஐந்து பகுதி. நீங்கள் பெயரை 'ஐந்தாம்அங்கம்' என்று மாற்றிக்கொள்வது நல்லது.

மூன்றாம்அங்கம்:
இப்போதுதான் புரிகிறது. போன போட்டியில் உங்கள் திரைக்கதையை நான் தேர்வு செய்யவில்லை. அந்தக் காந்தல் இன்னும் அடங்கவில்லை.

பழையபேனா:
ஓ, அதுவும் நீங்கள்தானா! "முதல் 25 பக்கம் மந்தம்" என்று ஒரே வரியில் குறிப்பு வந்தது. இப்போது விளங்குகிறது. 26-ஐப் புரட்டியே பார்க்கவில்லை.

மூன்றாம்அங்கம்:
புரட்டினேன். அதிலும் மழைதான் பெய்துகொண்டிருந்தது.

பழையபேனா:
அந்த மழையில்தான் அவன் பிணத்தைப் புதைக்கிறான்! படித்த லட்சணம் இது.

கத்துக்குட்டி:
சார், நான் அந்த ஆறு பக்கத்தை வெட்டவா, வேண்டாமா?

மூன்றாம்அங்கம்:
வெட்டுங்கள்.

பழையபேனா:
வெட்டாதே தம்பி. எனக்கு அனுப்பு, நான் பார்க்கிறேன். மூன்றாம்அங்கம், உங்களுக்கு ஒன்று: பிணம் 26-ஆம் பக்கத்தில், மேலிருந்து நாலாவது வரியில் இருக்கிறது. படமெடுத்துப் போடட்டுமா?

கூரியர்12:
எந்த எழுத்துருவில்?