கிரேக்கர்கள் சியூஸை உண்மையாகவே நம்பினார்களா?

வெள்ளவத்தை அப்பா:
மகள் உயர்தரத்துக்குக் கிரேக்க உரோம நாகரிகம் எடுத்திருக்கிறாள். நேற்றிரவு இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள், எனக்குப் பதில் வரவில்லை. "கிரேக்கர்களின் பெரிய தெய்வமான சியூஸ் மனைவிக்குத் துரோகம் செய்கிறார், ஹெபைஸ்டஸ் என்ற இன்னொரு தெய்வத்தின் காலைப் பிடித்து வானத்திலிருந்து வீசுகிறார், இப்படி ஒருவரை யாராவது மனதார நம்பிக் கும்பிட்டிருப்பார்களா அப்பா? இல்லை, எல்லாம் வெறும் கதையா?" நான் கடவுள் என்றால் நல்லவர், நம்பியவரைக் கைவிடமாட்டார் என்று கேட்டு வளர்ந்தவன். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கினால் அவளுக்குச் சொல்லிவிடுவேன்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அண்ணா, நல்ல கேள்வி கேட்கிற பிள்ளை. "நம்பினார்களா" என்ற சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது. நான் கத்தோலிக்கன், ஞாயிறு பூசையில் எழுந்து நின்று, இன்னதையெல்லாம் நம்புகிறேன் என்று அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் சொல்லிப் பழகியவன். அப்படி ஒன்றை ஏதென்ஸ்காரன் வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று அவர்களிடம் இருக்கவே இல்லை. வேதநூல் கிடையாது, திருச்சபை கிடையாது, இதுதான் சரியான போதனை என்று தீர்ப்புச் சொல்ல ஆளும் கிடையாது. இந்தத் தெய்வக் கதைகளைப் பாடிய ஹோமரும் ஹெசியொட்டும் புலவர்கள், அவ்வளவுதான். களவு, விபசாரம், ஏமாற்று எல்லாவற்றையும் இவர்கள் தெய்வங்கள்மேல் ஏற்றிவிட்டார்களே என்று கிறிஸ்துவுக்கு முன் 6ஆம் நூற்றாண்டிலேயே செனொபனீஸ் என்ற கிரேக்கச் சிந்தனையாளர் வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார். மகள் கேட்டதை அவர் அப்போதே கேட்டுவிட்டார்.

அவர்களுக்கு முக்கியம் செய்கைதான். பலிபீடம் கோவிலுக்கு வெளியே, திறந்த வெளியில் இருக்கும். ஆட்டையோ மாட்டையோ ஊர்வலமாகக் கொண்டுவந்து, தலையில் தண்ணீர் தெளித்து, வாற்கோதுமை மணிகளைத் தூவி, நெற்றிமயிரில் கொஞ்சம் வெட்டி நெருப்பில் போடுவார்கள். வெட்டு விழும் நேரத்தில் பெண்கள் குரலெடுத்துக் குலவையிடுவார்கள். தொடை எலும்பைக் கொழுப்பில் சுற்றி எரிப்பார்கள், அந்தப் புகை தெய்வத்துக்கு. இறைச்சி? அது வந்தவர்களுக்குப் பங்கு. நல்ல பங்கு ஏன் மனிதனுக்கு என்றால் அதற்கும் ஒரு கதை இருக்கிறது, மனிதருக்கு வேண்டிய புரொமீதியஸ் என்ற தெய்வப் பிறவி சியூஸை ஏமாற்றி எலும்பை எடுக்க வைத்தானாம்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று இதுதான். ஏதென்ஸில் ஆர்கன் என்ற உயர் ஆட்சிப் பதவிக்கு வருகிறவரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள், அரிஸ்டோட்டிலின் பெயரில் உள்ள ஏதென்ஸ் அரசியலமைப்பு நூலில் அது அப்படியே இருக்கிறது. அப்பா யார், அம்மா யார், எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, உன்னிடம் குலதெய்வமான அப்பொலோவும் முற்றத்துச் சியூஸும் உண்டா, அவர்களின் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். அப்புறம் குடும்பக் கல்லறை எங்கே, பெற்றோரை நன்றாகப் பார்க்கிறாயா, வரி கட்டுகிறாயா, படையில் சேவை செய்தாயா. எல்லாம் ஒரே மூச்சில். சியூஸை நம்புகிறாயா என்று யாரும் கேட்கவில்லை.

சட்டம் படிக்கிறேன்:
அப்படியானால் ஏதென்ஸ் தத்துவஞானி சோக்கிரட்டீஸை ஏன் கொன்றார்கள்? நகரத்தின் தெய்வங்களை நம்பவில்லை என்பதுதானே குற்றச்சாட்டு?

கொட்டாஞ்சேனைக்காரன்:
கி.மு. 399, ஆமாம் தம்பி. ஆனால் குற்றச்சாட்டில் உள்ள 'நொமிசெயின்' என்ற வினைச்சொல் 'நொமோஸ்' என்பதோடு உறவுள்ளது, நொமோஸ் என்றால் வழக்கம், சட்டம். கருதுவது என்றும் பொருள் வரும், வழக்கப்படி ஏற்று நடப்பது என்றும் வரும். எது அங்கே மேலோங்கி நின்றது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எப்படியும் அதை நகரத்துக்கு எதிரான குற்றமாகவே பார்த்தார்கள்.

தெகிவளை டீச்சர்:
தம்பி சொன்னது சரி, ஆனால் சடங்கு மட்டும்தான், மனசு இல்லை என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது. எபிடோரஸ் என்ற கிரேக்க ஊரில், நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்கிளெப்பியஸின் கோவில் இருந்தது. நோயாளிகள் இரவில் அங்கே படுப்பார்கள், கனவில் தெய்வம் வந்து குணமாக்கும். குணமான கதைகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அம்புரோசியா என்று ஏதென்ஸ் பெண் ஒருத்தி, ஒரு கண் தெரியாதவள், அந்தக் கல்வெட்டுகளைப் படித்து, நொண்டியும் குருடும் கனவு கண்டு குணமாவதாவது என்று சிரித்தாளாம். அன்றிரவு கனவில் தெய்வம் வந்து, உன்னைக் குணமாக்குகிறேன், ஆனால் உன் அறியாமையின் நினைவாக ஒரு வெள்ளிப் பன்றியைக் காணிக்கை வை என்றது. விடிந்தபோது கண் தெரிந்தது. நம்பாமல் வந்தவளுக்கும் அருள் கிடைத்திருக்கிறது, காணிக்கையை மட்டும் விடவில்லை!

ஏதென்ஸில் இதே தெய்வத்தின் கோவிலுக்கு வந்த காணிக்கைப் பட்டியல்களில் கண்ணும் காலும் கையுமாக உறுப்பு வடிவங்கள் நிறைய. நம் அம்மன் கோவில்களில் கண்மலர் சாத்துகிறோமே, அதேதான். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய்ப் பாருங்கள், சைவர்களும் பௌத்தர்களும் நேர்த்தியோடு நிற்பார்கள். வாசலில் யாரும் விசுவாசப் பிரமாணம் கேட்பதில்லை.

செட்டியார்தெரு:
டீச்சர், மன்னிக்கவும், ஒப்பிடலாம், ஆனால் ஒன்று என்று சொல்லாதீர்கள். நமக்குத் திருமுறை இருக்கிறது, சித்தாந்தம் இருக்கிறது, வினை, பிறவி, முத்தி என்று ஒரு பாதை இருக்கிறது. ஹோமரின் கிரேக்கனுக்குச் செத்தபின் நிழல் வாழ்வுதான். செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட நிலமில்லாத ஒருவனிடம் கூலிக்கு வேலை செய்வது மேல் என்று ஹோமரின் மாவீரன் அக்கிலீஸே பாதாளத்தில் புலம்புகிறான். எலூசிஸ் என்ற ஊரில் நடந்த இரகசியச் சடங்கில் தீட்சை பெற்றவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நல்ல நம்பிக்கை. மற்றபடி விளைச்சல், பிள்ளைப்பேறு, கப்பல் பத்திரமாகத் திரும்புவது, இவைதான் கேட்டார்கள்.

தெகிவளை டீச்சர்:
ஏற்றுக்கொள்கிறேன் தம்பி, அந்த வித்தியாசம் பெரியது. பரீட்சையில் எழுதினால் இதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை அப்பா:
எல்லோருக்கும் நன்றி. முழுவதையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆர்கனிடம் கேட்ட கேள்வியில் நிறுத்தி, "நம்முடைய வேல் எங்கே அப்பா?" என்றாள். என் அப்பம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த சிறிய பித்தளை வேல், இந்த பிளாட்டுக்கு வந்ததிலிருந்து அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய சாரத்தில் சுற்றிக் கிடந்தது. இப்போது குசினியில் நின்று புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.