மின்புலம் பூஜ்ஜியம், மின்னழுத்தம் 30,000 வோல்ட்?

இரண்டு நாளாக ஒரே கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். +4 மைக்ரோகூலும் மின்னூட்டம், அதற்கு வலப்பக்கம் 30 செ.மீ. தள்ளி −1 மைக்ரோகூலும். இரண்டையும் இணைக்கும் கோட்டில் மின்புலம் (ஓரலகு மின்னூட்டத்தை வைத்தால் அதன் மேல் வரும் விசை) எங்கே பூஜ்ஜியம் என்பதுதான் கேள்வி. +4-இலிருந்து அளந்தால் 20, 60 செ.மீ. என இரண்டு விடைகள். 20 நடுவில் விழுகிறது. அங்கே இரண்டு புலமும் ஒரே திசை, கூடத்தான் செய்யும். அடித்துவிட்டேன்.

சரி, 60 என்று வைத்து மின்னழுத்தம் போட்டால் 30,000 வோல்ட்! அலகு, குறி எல்லாம் மூன்று முறை பார்த்தாயிற்று. மின்னழுத்தம் பூஜ்ஜியமாகும் இடங்களைத் தனியாகத் தேடினால் 24, 40. 60 பக்கமே வரவில்லை. அப்புறம் வரைபடமும் போட்டேன். −1-ஐத் தாண்டியதும் பாதாளத்திலிருந்து ஏறும் வளைகோடு சரியாக 60-இல் உச்சி தொட்டு இறங்குகிறது.

விசையே இல்லாத இடத்தில் இந்த 30,000 வோல்ட் எதைக் குறிக்கிறது?