ஒரே மேப் சுவருக்கும் பயணத்துக்கும் பிள்ளை படிப்புக்கும் போதுமா?

நொய்யல்கரை:

வணக்கம். வீடு மாறி இரண்டு மாதம் ஆகிறது. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்துச் சுவர் ஐந்தடிக்கு நாலடி வெறுமனே கிடக்கிறது. மகள் நாலாம் வகுப்பு. போன வாரம் "அப்பா, கேரளா நமக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். கோவையில் இருந்துகொண்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாலக்காட்டில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போய்வருகிற பிள்ளை! யோசித்துப் பார்த்தால் தப்பு அவள் மேல் இல்லை, காரில் அவள் பார்ப்பதெல்லாம் என் போனில் நகரும் நீலப் புள்ளியைத்தான்.

அதனால் அச்சடித்த மேப் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். டிசம்பர் லீவில் ஆழியாறு, வால்பாறை, அப்படியே மலக்கப்பாறை வழியாகச் சாலக்குடி வரை காரில் போகும் யோசனையும் உண்டு. ஒரே மேப்பாக வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, பயணத்தின்போது கழற்றி எடுத்துப் போனால் என்ன? இந்தியாவா, உலகமா? தமிழா, ஆங்கிலமா? லேமினேஷன் தேவையா? நூறு ரூபாய்க்கும் இருக்கிறது, மூவாயிரத்துக்கும் இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை.

வண்டிச்சக்கரம்:

சுவரில் இருப்பதைக் கழற்றிக் காரில் கொண்டுபோவது நடக்காத காரியம் நண்பரே, நான் செய்து பார்த்து ஒரு நல்ல மேப்பைக் கிழித்தவன். கிழிவதுகூடப் பெரிதில்லை, அளவைதான் பிரச்சினை. கடையில் கிடைக்கும் பெரிய இந்தியா மேப் பெரும்பாலும் 1:40 லட்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அதாவது ஒரு செ.மீ. என்றால் 40 கி.மீ. இந்தியா வடக்குத் தெற்காக 3,214 கி.மீ., ஆக மேப்பில் 80 செ.மீ., சுவருக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் வால்பாறைக்கும் சாலக்குடிக்கும் நடுவில் இரண்டு செ.மீ.கூட வராது, அதற்குள் எந்தச் சாலையைத் தேடுவீர்கள்?

பயணத்துக்குத் தனியாக, மடிக்கிற தமிழ்நாடு மேப்பும் கேரளா மேப்பும் வாங்குங்கள். 1:10 லட்சம் என்றால் ஒரு செ.மீ. 10 கி.மீ., அது போதும். வாங்குமுன் கடையிலேயே பிரித்து உங்கள் ஊர் நெடுஞ்சாலை எண்ணைப் பாருங்கள். சேலம் - கோவை - பாலக்காடு சாலைக்கு என்எச் 47 என்று போட்டிருந்தால் அப்படியே மடித்து வைத்துவிட்டு வாருங்கள், 2010-ல் எண்களை மாற்றிய பிறகு அது 544.

தூரம் பார்க்க என் அப்பா செய்ததையே நானும் செய்கிறேன். ஒரு நூலை ஈரமாக்கிச் சாலை மேல் வளைத்து வளைத்து வைத்து, பிறகு நிமிர்த்தி அளவைக் கோட்டில் பிடித்துப் பார்ப்பது. சமவெளியில் ஓரளவு சரியாக வரும். மலையில் ஏமாற்றும், ஏனென்றால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளை அந்த மேப்பில் வரையவே இடம் கிடையாது, நாலைந்து நெளிவாகச் சுருக்கிவிடுவார்கள். அதோடு மலக்கப்பாறை காட்டுச்சாலையில் செக்போஸ்ட் நேரம் உண்டு, பொழுது சாய்ந்தால் விட மாட்டார்கள். அதை எந்த மேப்பும் சொல்லாது, கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

சன்போர்டு:

பிரிண்டிங், பிரேம் தொழிலில் இருக்கிறேன், அதனால் சுவர் சமாச்சாரம் மட்டும் சொல்கிறேன். கண்ணாடி பிரேம் போடாதீர்கள். டியூப்லைட் வெளிச்சம் அதில் விழுந்தால் நேராக நிற்பவருக்குப் பாதி நாடு தெரியாது. பளபளக்காத மேட் லேமினேஷன் செய்து சன்போர்டில் (கனமில்லாத நுரைப் பலகை) ஒட்டிவிட்டால் கூசாது, குண்டூசியும் குத்தலாம். பளபளப்பு லேமினேஷனில் வேறொரு வசதி, வொயிட்போர்டு மார்க்கரில் எழுதித் துடைக்கலாம். பிள்ளை எழுதுவாளா, ஊசி குத்துவாளா என்று முடிவு செய்துகொண்டு வாங்குங்கள். வெயில் படும் சுவர் மட்டும் வேண்டாம். முதலில் மஞ்சளும் சிவப்பும் போகும், இரண்டு வருடத்தில் உலகம் முழுக்க வெளிறிய நீலமாக நிற்கும். என் கடையிலேயே அப்படி ஒன்று தொங்குகிறது.

இன்னொன்று. நிறையப் பேர் இணையத்தில் ஏதோ ஒரு உலக மேப்பை இறக்கிக்கொண்டு வந்து பெரிதாக அடித்துத் தரச் சொல்கிறார்கள். எழுத்து உடைந்துபோகும் என்பது ஒரு பக்கம். வெளிநாட்டுக்காரர்கள் வரைந்ததில் காஷ்மீர் எல்லை வேறு மாதிரி இருக்கும், அரசின் மேப் துறையான சர்வே ஆஃப் இந்தியா காட்டும் எல்லையோடு ஒத்துப்போகாத இந்திய மேப்பை வெளியிட்டால் 1961-ஆம் வருடச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை. நான் அடித்துத் தருவதில்லை. அப்புறம், மேப்பைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்தால் அதில் அச்சாகி இருக்கும் 1:40 லட்சம் என்கிற எண் பொய்யாகிவிடும், கோடாகப் போட்டிருக்கும் அளவை மட்டும் மேப்போடு சேர்ந்து நீளும். இது தெரியாமல் ஒருவர் ஸ்கேலை வைத்துத் தூரம் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தார்.

நிலாவெளிச்சம்:

இருபது வருடமாகச் சமூக அறிவியல் எடுக்கிறேன் சார். மற்றதெல்லாம் இருக்கட்டும், மேப்பை எவ்வளவு உயரத்தில் மாட்டுவீர்கள்? வீடுகளில் பெரியவர்கள் கண் உயரத்துக்கு ஆணி அடிக்கிறார்கள், பிள்ளைக்குக் கன்னியாகுமரியும் இலங்கையும் மட்டும் தெரிகிறது, காஷ்மீர் சாமி படம் மாதிரி மேலே இருக்கிறது. உங்கள் மகள் நின்றால் மேப்பின் நடு அவள் கண்ணுக்கு நேராக வர வேண்டும்.

மாட்டுவதற்கு முன் ஒரு வாரமாவது தரையில் விரித்து வையுங்கள், வடக்கு நிஜமான வடக்கைப் பார்க்கும்படி. அதன் மேல் கோவையில் உட்காரவைத்து, "பெரியம்மா வீட்டுக்குக் கையை நீட்டு" என்று சொல்லுங்கள். சுவரிலேயே பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு வடக்கு என்றால் 'மேலே' என்று மனதில் ஏறிவிடும். சம்பல் ஆறு விந்திய மலையில் பிறந்து வடக்கே போய் யமுனையில் சேருகிறது என்று நடத்தினால், "மிஸ், ஆறு எப்படி மேலே ஏறும்?" என்று வருடா வருடம் ஒரு பிள்ளை கேட்கும். நியாயமான கேள்வி!

முதல் மேப்பாக இந்தியாவின் இயற்கை அமைப்பு மேப்பை வாங்குங்கள், மாநிலங்களுக்குக் கலர் அடித்தது பிறகு வரட்டும். உங்கள் ஊருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலை பழுப்பாக நீளமாக வந்து, கோவைக்கு மேற்கே சட்டென்று அறுந்து பச்சையாகி, மறுபடி ஆனைமலையில் தொடங்கும். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஜூன் மாதத்தில் உங்கள் மொட்டைமாடித் துணியைத் தூக்கிக்கொண்டு போகிற காற்று அந்தச் சந்து வழியாகத்தான் வருகிறது என்று காட்டினால், கேரளா எந்தப் பக்கம் என்று அப்புறம் கேட்க மாட்டாள். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அந்த மேப்பில் பச்சை என்றால் காடு இல்லை, தாழ்வான நிலம். இது தெரியாமல் பாலைவனத்தில் பச்சை எப்படி வந்தது என்று பத்தாம் வகுப்பு வரை குழம்புகிற பிள்ளைகள் உண்டு.

உலக மேப் வாங்கினால் கிரீன்லாந்தைப் பாருங்கள். அது ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிந்தால் அது 1569-ல் கப்பல்காரர்களுக்காக மெர்கேட்டர் என்கிற மேப் வரைஞர் போட்ட கணக்கு, திசைக்குச் சரி, பரப்புக்கு ஆகாது. நிஜத்தில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப்போல் 14 மடங்கு. நம் இந்தியாவே கிரீன்லாந்தைவிடப் பெரியது. தமிழா ஆங்கிலமா என்றால், பிள்ளை பரீட்சை எழுதுகிற மொழியில் ஒன்று, இன்னொரு மொழியில் அட்லஸ்.

சிக்னல்ஃபுல்:

போனில் ஆஃப்லைன் மேப் இறக்கிக்கொண்டால் முடிந்தது. 2026-ல் நூல், ஈரம் எல்லாம் எதற்கு?

வண்டிச்சக்கரம்:

வழி கண்டுபிடிக்கப் போன் போதும் தம்பி, இல்லையென்று யார் சொன்னார்? பின்சீட்டில் ஒரு பிள்ளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு "அடுத்து என்ன ஊர்" என்று சொல்லிக்கொண்டு வரப் போன் போதாது. கொடுத்தால் வேறு ஏதாவது பார்க்கும்.

கூடாரவாசி:

தாமதமாக வந்தாலும் என் பங்குக்கு ஒன்று. சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போஷீட், அதாவது மேடு பள்ளம் வரை காட்டும் விரிவான மேப், பார்த்திருக்கிறீர்களா? 1802-ல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்கிற ஆங்கிலேய அளவையாளர் சங்கிலி வைத்து அளக்கத் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி அது. 1:50,000 அளவை, இரண்டு செ.மீ. ஒரு கி.மீ. அவர்கள் இணையதளத்தில் பதிவு செய்தால் பிடிஎஃப் ஆகவும் கிடைக்கும். ஒரு ஷீட் கால் டிகிரி, நம் பக்கம் 27 கி.மீ. சொச்சம் சதுரம். பழைய ஷீட் எண்ணில் வால்பாறை 58 பி தொகுப்பில், 77 டிகிரி தீர்க்கக் கோட்டுக்குப் பக்கத்தில் விழுகிறது. கொஞ்சம் கிழக்கே நகர்ந்தால் 58 எஃப் வேண்டும். நமக்கு வேண்டிய இடம் எப்போதும் ஷீட்டின் ஓரத்தில்தான் இருக்கும், இது எழுதப்படாத விதி.

பழுப்புக் கோடு ஒவ்வொன்றும் 20 மீட்டர் ஏற்றம், கோடுகள் நெருங்கினால் செங்குத்து. ஆற்றை நீலமாக நிரப்பியிருந்தால் தண்ணீர் வற்றாது, கறுப்புக் கோடாக மட்டும் இருந்தால் மழைக்குத்தான் ஓடும். காரோட்ட இது தேவையில்லை, ஆனால் நிலாவெளிச்சம் மேடம் சொன்ன பாடத்துக்கு அடுத்த வகுப்பு இதுதான். கட்டிடமும் சாலையும் பழசாக இருக்கலாம், மலை அப்படியேதான் இருக்கும்.

சுவர் மேப் எந்த வருடத்தது என்று பார்க்க ஒரு குறுக்கு வழி: தமிழ்நாட்டு மாவட்டங்களை எண்ணுங்கள். 32 என்றால் 2019-க்கு முந்தையது, மயிலாடுதுறையோடு சேர்த்து 38 வர வேண்டும். லடாக் தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். உலக மேப்பில் கஜகஸ்தான் தலைநகர் நூர்சுல்தான் என்றிருந்தால் 2019-க்கும் 2022-க்கும் நடுவில் அடித்தது, இப்போது மறுபடி அஸ்தானா.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி. இயற்கை அமைப்பு இந்தியா ஒன்று சுவருக்கு, மடிக்கிறது இரண்டு காருக்கு, உலகம் அடுத்த வருடம். மகளை நிறுத்தி அளந்தேன், கண் உயரம் மூன்றடி பத்து அங்குலம். ஆணி அடிக்கும் இடத்தைப் பென்சிலில் குறித்ததும் வீட்டம்மா பார்த்துவிட்டு, அந்த உயரத்தில் மாட்டினால் தினமும் வங்காள விரிகுடாவில் சாம்பார் தெறிக்கும் என்கிறார். சன்போர்டு நண்பரே, துடைக்கிற லேமினேஷனே போட்டுவிடலாமா?