கியூப் (சோதனைக்காக வார்க்கும் கான்கிரீட் கனசதுரம்) உடைக்காமல் கான்கிரீட் ஸ்லாபின் வலிமையைக் கணிப்பது எப்படி?

கேள்வி:
150 மி.மீ. தடிமன் ஸ்லாப், எம்30 கலவை (28 நாளில் 30 மெகாபாஸ்கல் வலிமைக்கானது). வலிமை 20 மெகாபாஸ்கல் வந்ததும் சென்டரிங் (அடியில் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிக்கணும். கியூப் தண்ணீர்த் தொட்டியில் சுகமாகக் கிடக்கிறது. ஸ்லாப் வெயிலும் இரவுக் குளிரும் தாங்குகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் இறுகாதே. மூன்றாம் நாள் ரீபவுண்ட் ஹேமர் (மேற்பரப்பில் தட்டி, முனை எவ்வளவு எம்புகிறது என்று பார்க்கும் கருவி) வைத்துப் பார்க்கலாமா?

பதில் 1:
வேண்டாம். அந்த வயதில் ஹேமர் முனை பள்ளம் போட்டுவிடலாம். அது சொல்வதும் மேல்தோலின் கதை. மெச்சூரிட்டி முறைக்குப் போங்க, அதாவது கான்கிரீட் எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதை வைத்து வலிமையைக் கணிப்பது. வெப்பநிலையை நேரத்தால் பெருக்கிக் கூட்டுவதுதான் கணக்கு. அடிப்படை வெப்பநிலையை (அதற்குக் கீழே இறுகுவது நின்றுவிடும் என்று எடுத்துக்கொள்ளும் அளவு) 0 டிகிரி என்று வைத்தால், 20 டிகிரியில் 7 நாள் 3360 டிகிரி-மணி. 30 டிகிரியில் அதே அளவு 112 மணியிலேயே வந்துவிடும்.

ஆனால் முதலில் அதே கலவையில் 17 கியூப் போடுங்க. அதில் இரண்டு கியூபுக்குள், நடுவில் வெப்பநிலை சென்சார் வையுங்க. மீதியை 1, 3, 7, 14, 28 நாட்களில் மும்மூன்றாக உடைத்து, வலிமைக்கும் டிகிரி-மணிக்கும் வளைகோடு வரையுங்க. 20 மெகாபாஸ்கலுக்கு நேரே வரும் எண்தான் உங்கள் இலக்கு. சிமெண்ட் பிராண்டோ, அட்மிக்சர் (கலவையில் சேர்க்கும் ரசாயனம்) அளவோ மாறினால் அந்த வளைகோட்டைத் தூக்கிப் போட்டுடுங்க.

பதில் 2:
சென்சாரை ஸ்லாப் நடுவில் மட்டும் வைத்து ஏமாறாதீங்க. சீக்கிரம் குளிர்வது ஓரமும் மூலையும். கடைசியாகக் கொட்டிய பகுதியிலும் ஒன்று வேணும். வயரைக் கம்பியோடு கட்டலாம், சென்சார் முனை கம்பியைத் தொடக்கூடாது. வயரைக் கொஞ்சம் தளர்வாக விடுங்க, இல்லேன்னா வைப்ரேட்டர் ஊசி இழுத்து அறுத்துடும். முதல் 48 மணி அரைமணிக்கு ஒருமுறை பதிவு, பிறகு மணிக்கொருமுறை போதும்.

கேட்டவர்:
அல்ட்ராசோனிக் (கான்கிரீட்டுக்குள் ஒலி அலை போகும் வேகத்தை அளப்பது) சரிவருமா?

பதில் 3:
அடியில் சென்டரிங் இருக்கும்வரை ஸ்லாபில் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு நேர்ப்பாதை கிடைக்காது. பக்கப் பலகை கழற்றிய பீமில் பார்க்கலாம். 150 மி.மீ. அகல பீமை 37.5 மைக்ரோ விநாடியில் கடந்தால் விநாடிக்கு 4 கி.மீ. கருவி முனைக்குத் தடவும் கிரீஸ் அடியில் காற்று நின்றால் நேரம் கூடும். பாதையோடு கம்பி ஓடினால் வேகம் பொய்யாக ஏறும். முதல் நாளில் வேகம் விறுவிறுவென ஏறி அப்புறம் தட்டையாகிவிடும், வலிமையோ ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் செட்டிங் (கலவை முதலில் கெட்டியாவது) பார்க்க நல்லது, பிரிக்கும் நாளைத் தீர்மானிக்க அதை மட்டும் நம்ப முடியாது.

மெச்சூரிட்டிக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு: அதற்குச் சூடு மட்டும்தான் தெரியும். கலவையில் யாராவது கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினாலோ, கியூரிங் (ஈரமாக வைத்துப் பராமரிப்பது) இல்லாமல் காய்ந்தாலோ, டிகிரி-மணி எண் தன் பாட்டுக்கு ஏறும். ஸ்லாப் பக்கத்திலேயே இரண்டு மூன்று கியூப் வைத்து, பிரிப்பதற்கு முன் உடைத்துச் சரிபாருங்க.