முதல் ஐந்து இடங்களுக்குள் கார்னர்பேக்கை எடுக்கலாமா? நேரில் பார்த்ததை எழுதுங்கள்

டெட்ராய்ட்டிலிருந்து:

அமெரிக்கக் கால்பந்தில் புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். 2020 டிராஃப்டில் டெட்ராய்ட் லயன்ஸ் அணி மூன்றாவது தேர்வாக ஜெஃப் ஒகூடாவை எடுத்தது. ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கார்னர்பேக், அதாவது பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவரைத் தடுக்கும் தற்காப்பு வீரர். திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கு இன்னும் ஆறாதது அதற்கு முந்தைய மாதம் நடந்தது. இரண்டாம் சுற்றில் எடுத்து வளர்த்த டேரியஸ் ஸ்லேயை, மூன்றாம் சுற்றிலும் ஐந்தாம் சுற்றிலும் ஒவ்வொருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்காக பிலடெல்பியாவிடம் கொடுத்துவிட்டார்கள். கையில் இருந்த கார்னர்பேக்கை விற்றுவிட்டு, அந்த ஓட்டையை அடைக்க மூன்றாவது இடத்தைச் செலவழித்தார்கள்.

ஆலன் பார்க்கில் நடக்கும் லயன்ஸ் பயிற்சி முகாமுக்குப் போயிருப்பவர்களுக்கு இந்த வேலை எவ்வளவு கடினம் என்று தெரியும். எங்கே திரும்பப் போகிறோம் என்பது ரிசீவருக்குத் தெரியும். கார்னர்பேக்குக்குத் தெரியாது. பின்னோக்கி ஓடிக்கொண்டே ரிசீவரின் இடுப்பைக் கவனிக்க வேண்டும். தலையும் தோளும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. அவர் திரும்பும் கணத்தில் தானும் உடலைத் திருப்பி, சட்டென்று முன்னோக்கிப் பாய வேண்டும். அரை அடி பிந்தினால் பந்து போய்விடும். ஐந்து யார்டுக்கு அப்பால் கையால் தடுத்தால் நடுவரின் தண்டனைக் கொடி விழும், எதிரணிக்குப் புதிதாக முதல் வாய்ப்பு கிடைக்கும். முழு உடலும் குதிகாலை நம்பியிருக்கும் வேலை இது.

ஒகூடாவுக்கு அந்தக் குதிகால்தான் போயிற்று. 2021 பருவத்தின் முதல் ஆட்டம், ஃபோர்டு ஃபீல்டில் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக. குதிகால் தசைநார் அறுந்து, அந்த ஆண்டு அவருக்கு அத்துடன் முடிந்தது. அவரை எடுத்த பயிற்சியாளர் மாட் பட்ரீஷியாவை முந்தைய நவம்பரிலேயே நீக்கியிருந்தார்கள். ஆளுக்கு ஆள் ஒட்டிக் காக்கும் அவருடைய முறைக்காகத் தேர்ந்தெடுத்த வீரர், இரண்டாம் ஆண்டிலேயே வேறொரு பயிற்சியாளரிடம் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. 2023-இல் ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்கு அட்லாண்டா அவரை வாங்கிக்கொண்டது. அந்த இளைஞர் மீது எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அவரை நிறுத்திய இடம்தான் தவறு.

ஹூஸ்டனிலிருந்து:

நீங்கள் எழுதியதைப் படித்தபோது எங்கள் 2022 நினைவுக்கு வந்தது. டெக்சன்ஸ் அணியும் அதே மூன்றாவது இடத்தில் டெரெக் ஸ்டிங்லி ஜூனியரை எடுத்தது. அடுத்த இடத்தில் நியூயார்க் ஜெட்ஸ் எடுத்த சாஸ் கார்ட்னர் அந்த ஆண்டின் சிறந்த அறிமுகத் தற்காப்பு வீரர் ஆனார். எங்களவரோ ஒன்பது ஆட்டங்கள் ஆடி, தொடைத் தசைப்பிடிப்பால் உட்கார்ந்துவிட்டார். அணி மூன்றே வெற்றி பெற்றது. என்னுடன் ஆட்டம் பார்ப்பவர்கள் எல்லோரும் தவறான ஆளை எடுத்துவிட்டோம் என்றே பேசினார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பந்து காற்றில் இருக்கும்போது ஸ்டிங்லி பதறாமல் திரும்பிப் பார்க்கும் அந்த நிதானத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது.

அடுத்த ஆண்டு டெமிக்கோ ரையன்ஸ் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அதே ஆண்டு டிராஃப்டில் வில் ஆண்டர்சன் ஜூனியர் வந்தார். பின்னர் டேனியல் ஹண்டரும் சேர்ந்துகொண்டார். பந்தை வீசும் எதிரணி குவார்ட்டர்பேக்கை விரட்ட முன்வரிசையில் ஆள் சேர்ந்த பிறகுதான் ஸ்டிங்லி யார் என்று ஊருக்குத் தெரிந்தது. 2025 ஜனவரியில், பருவ முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்றான ப்ளேஆஃப் ஆட்டம் எங்கள் மைதானத்தில். எதிரே உங்கள் ஒகூடாவுக்கு மூன்று இடங்கள் கழித்து ஆறாவதாகப் போன குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஹெர்பர்ட்! அந்தப் பருவம் முழுவதும் மூன்றே முறை பந்தைப் பறிகொடுத்த மனிதர் அன்று ஒரே ஆட்டத்தில் நான்கு முறை பறிகொடுத்தார். அதில் இரண்டு ஸ்டிங்லியின் கையில். மார்ச்சில் மூன்று ஆண்டுகளுக்கு ஒன்பது கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு காசுகூட அதிகமில்லை என்பேன்.

ஆனால் கார்ட்னரைப் பாருங்கள். முதல் இரண்டு ஆண்டுகளும், ஆண்டின் சிறந்த வீரர்களின் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பெற்றவர். அவர் இருந்தவரை ஜெட்ஸ் ஒருமுறைகூட ப்ளேஆஃபை எட்டவில்லை. 2025 நவம்பரில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளும் ஒரு ரிசீவரும் வாங்கிக்கொண்டு இண்டியானாபொலிஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் பக்கம் பந்தே வீசாமல் மறுபக்கம் வீசிவிட்டால், எவ்வளவு நல்ல கார்னர்பேக்காக இருந்தும் அணிக்கு என்ன பயன்?

பிலடெல்பியாவிலிருந்து:

ஸ்லேயை எங்களுக்குக் கொடுத்த டெட்ராய்ட் நண்பருக்கு நன்றி. அவர் இங்கே வந்து, லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் கோப்பையே வென்றுவிட்டார்.

எங்கள் ஈகிள்ஸ் அணி நிர்வாகம் 2002-இல் லிட்டோ ஷெப்பர்டுக்குப் பிறகு 2024 வரை முதல் சுற்றில் கார்னர்பேக்கைத் தொடவே இல்லை. ஃப்ளெட்சர் காக்ஸ், ஜோர்டன் டேவிஸ், ஜேலன் கார்ட்டர் என்று முன்வரிசைக்கே முதல் சுற்றைக் கொடுத்தார்கள். இங்கே பலர் பல ஆண்டுகள் அதைத் திட்டினார்கள். முன்வரிசை நிரம்பிய பிறகு, 22-ஆவது இடத்தில் குயின்யன் மிட்சல், 40-ஆவது இடத்தில் கூப்பர் டிஜீன் என்று ஒரே டிராஃப்டில் இரண்டு பேரை எடுத்தார்கள்.

நியூ ஆர்லியன்ஸ் சூப்பர் பவுலில் எதிரணி குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை ஆறு முறை தரையில் சாய்த்தோம். டிஜீன் அவருடைய பந்தைப் பறித்து 38 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். அன்று அவருக்கு 22-ஆவது பிறந்தநாள். அந்தக் காட்சியை மறுபடி பார்க்கும்போது டிஜீனை விட்டுவிட்டு மஹோம்ஸை மட்டும் பாருங்கள். எங்கள் முன்வரிசை தந்த நெருக்கடியில், ஓடிக்கொண்டே, உடல் குறுக்காக இருக்கும்போது வீசிய பந்து அது.

டெட்ராய்ட்டிலிருந்து, மறுபடியும்:

ஹூஸ்டன் நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மூன்றாவது இடத்தில் எடுப்பதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பயிற்சியாளர் நிலைப்பாரா, முன்வரிசை இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லாத அணி அந்த இடத்தில் தன் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வரிசை வீரரை எடுக்கட்டும். நாங்கள் 2021-இல் ஏழாவதாக எடுத்த பெனே சூவெல் அப்படித்தான் அணியையே தாங்கினார்.

2024-இல் டிராஃப்ட் எங்கள் ஊரிலேயே நடந்தது. மூன்று நாள்களில் ஏழே முக்கால் லட்சம் பேர். முதல் நாள் இரவு, லயன்ஸ் 29-ஆவது இடத்திலிருந்து 24-ஆவது இடத்துக்கு ஏறி டெரியன் ஆர்னால்டை எடுத்தது. மறுபடியும் ஒரு கார்னர்பேக். இம்முறை நான் உரக்கக் கத்தி வரவேற்றேன். டான் கேம்பல் மூன்று பருவங்களை முடித்து அணியை அதன் பிரிவின் (கான்ஃபரன்ஸ்) இறுதிப்போட்டி வரை கொண்டுபோயிருந்தார். ஒரு முனையில் எய்டன் ஹட்சின்சன் குவார்ட்டர்பேக்கை விரட்டிக்கொண்டிருந்தார். ஆர்னால்டு முதல் ஆண்டில் ஏராளமான கொடிகளை வாங்கினார். அதற்காக அவரை யாரும் வெளியே உட்காரவைக்கவில்லை.